மேட்டுத்துறை நிலவரம்

நாடு நாளைக்கு என்ன ஆகும் என்று டெல்லியில் இருப்பவர்கள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கட்டும். மேட்டுத்துறை நாளைக்கு என்ன ஆகும் என்று சொல்லச் சர்க்கார் ஓர் ஆளை வைத்திருந்தது. பெயர் யாகப்பன். போலீசில் தனிப்பிரிவு ஏட்டு. காக்கி போடமாட்டார். வேட்டி, முழுக்கைச் சட்டை, தோளில் ஒரு துண்டு. ரகசியப் போலீஸ் என்று பேர்தானே தவிர, ஊரில் கைக்குழந்தைக்குக்கூட அவரைத் தெரியும். டீக்கடைக்குள் நுழைந்தால், "வாங்க ஏட்டய்யா, இன்னிக்கு ஆருமே கவருமெண்ட்டைக் கவுக்கலீங்க" என்று எவனாவது கேலி பேசுவான். அவரும் சிரித்துவிட்டு ஓரமாக உட்காருவார்.

பள்ளிபாளையத்துக்குத் தெற்கே காவிரிக் கரையில் இருந்தது மேட்டுத்துறை. தறிக்காரர்களும் சாயப்பட்டறைக் கூலிகளும் நிறைந்த ஊர். சேலத்துக்காரரான யாகப்பன் குடும்பத்தைச் சேலத்தில் விட்டுவிட்டு, பஸ் நிற்கும் முக்கில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தார். எவன் கிளப்பிவிடுவான், எவன் அடக்கிவைப்பான், கூட்டம் கூடினால் எந்த முக்கில் கூடும், எதைக் கண்டால் கலையும் என்றெல்லாம் சேலத்து இன்ஸ்பெக்டருக்கு நிலவரம் எழுதி அனுப்புவதுதான் வேலை.

அதில் அவருக்கென்று ஒரு வழி இருந்தது. டீக்கடையில் பேப்பர் படிக்கும்போது ஆளாளுக்குக் குறுக்கே விழுந்து, "போடா, உனக்கென்ன தெரியும்" என்று கத்திக்கொண்டிருந்தால் ஊர் சுகமாக இருக்கிறது என்று அர்த்தம். ஒருவன் உரக்கப் படிக்க, மற்றவர்கள் வாயே திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தால்தான் ஆபத்து. அரிசி கிடைக்காமல் திண்டாடிய சமயத்தில் இப்படித்தான் கவனித்து, மண்டிக்குப் பூட்டு உடையப்போகிறது என்று முன்கூட்டியே எழுதினார். உடையவிருந்த பூட்டு உடையாமல் தப்பியது. மேலிடத்தில் நல்ல பேர். "யாகப்பன் எழுதினா எழுதினதுதான்" என்பார் இன்ஸ்பெக்டர்.

அறுபத்தைந்தாம் வருஷம் தை மாதக் கடைசி. இந்தி வேண்டாம் என்று காலேஜ் பையன்கள் தெருவுக்கு வந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. இன்று இந்த ஊரில் தடியடி, நாளை அந்த ஊரில் ரயில் மறியல் என்று செய்தி வராத நாளில்லை. போலீசில் ஒருத்தருக்கும் லீவு கிடையாது என்று உத்தரவு. யாகப்பனுக்கு அந்த உத்தரவு கழுத்தில் கத்தியாக வந்து நின்றது.

மகள் இசபெல்லாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வாழப்பாடிப் பக்கம், ராணுவத்தில் கம்பவுண்டர். போன வருஷமே நடக்க வேண்டியது. கோயிலில் கல்யாண ஓலை வாசித்துப் பந்தக்கால் நடுகிற சமயத்தில் மாப்பிள்ளையின் அப்பா தவறிப்போனார். கல்யாணம் தள்ளிப்போயிற்று. "பொண்ணு ராசி" என்று அந்த வீட்டுப் பெண்கள் முணுமுணுத்தது இசபெல்லாவின் காதுக்கே வந்தது. அன்றிலிருந்து அவள் கோயிலுக்குப் போனால்கூடக் கடைசி வரிசையில்தான் உட்காருவாள். இப்போது மறுபடி கோயிலில் ஓலை வாசிக்க ஆரம்பித்தாயிற்று. மாசியில் சாம்பல் புதன் வந்துவிட்டால் தவக்காலம், கல்யாணம் கிடையாது. தவக்காலம் முடிவதற்குள் மாப்பிள்ளையின் லீவு முடிந்து எல்லைக்குப் போய்விடுவான். இந்தத் தடவையும் தவறினால் அவ்வளவுதான், அந்தச் சம்பந்தம் கை நழுவிவிடும். அந்தப் பெண்ணை இனி எவன் கேட்டு வருவான்?

"பொண்ணைப் பெத்த அப்பன் இல்லாம கோயில்ல யாரு கையைப் புடிச்சுக் கொடுக்கறது? உங்க சர்க்காரா வந்து புடிச்சுக் கொடுக்கும்?" என்று மனைவி மரியபுஷ்பம் கேட்டாள். கேட்டது ஒரு தடவைதான். அந்த ஒரு தடவை போதுமானதாக இருந்தது.

இன்ஸ்பெக்டரிடம் போய் நின்றார். நல்ல மனிதர்தான் அவர். ஆனால் அவர் கையும் கட்டிக் கிடந்தது.

"யாகப்பா, ஒரே ஒரு வழிதான் இருக்கு. ரிசர்வ் படையில ஒரு பிளட்டூன் உன் ஊருக்கு வர்றதா இருக்கு, கண்ணீர்ப் புகை எல்லாத்தோடயும். அது வந்துட்டா உன் சரகம் கலவரச் சரகம். அப்புறம் லீவைப் பத்தி நீயும் பேச முடியாது, நானும் பேச முடியாது. ஊர் அமைதியா இருக்கும்னு நீ காரணத்தோட எழுதிக் கொடு. படையை வேற எடத்துக்கு அனுப்பிட்டு, உன் லீவுக்கு நான் பரிந்துரை பண்றேன். ஆனா பார்த்து எழுதணும். உன் எழுத்தை நம்பித்தான் நான் கையெழுத்துப் போடுவேன்."

பொய் எழுதுகிற ஆள் இல்லை யாகப்பன். அதுதான் வினையாகப் போயிற்று. பொய் எழுதுகிறவராக இருந்திருந்தால் அனுப்புவதற்கு முன் ஒரு தடவையாவது யோசித்திருப்பார்.

ஊருக்குத் திரும்பியதும் ஒவ்வொன்றாக எடை போட்டார். கிளப்பிவிடக்கூடியவர்கள் யார்? காலேஜுக்குப் போகும் பையன்கள் கொஞ்சம் பேர், கட்சிக்காரர்கள் கொஞ்சம் பேர், நூல் கிடைக்காமல் வயிறு காய்ந்து கிடக்கும் தறிக்காரர்கள். கடைசியாகச் சொன்னவர்கள்தான் பெரிய கூட்டம். அவர்களை எது பிடித்து நிறுத்தும்? ஜவுளி வியாபாரிகளின் சொல் ஓரளவு நிறுத்தும். பெற்றவர்களின் அதட்டல் ஓரளவு. டீக்கடையில் இப்போது பேச்சு குறைந்துவிட்டது என்பதையும் கவனித்தார். ஒருவன் படிக்கிறான், மற்றவர்கள் கேட்கிறார்கள். அது அவருக்குப் பிடிக்கவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை மாரியம்மன் நோம்பிக்குப் பூச்சாட்டி, திருவிழா தொடங்கியதாக ஊருக்கு அறிவித்தார்கள். மறுநாள் காலை அவர் வழக்கம்போல முக்கில் இட்லிக்கடை வைத்திருந்த குப்பாயியிடம் சாப்பிட உட்கார்ந்தார். குப்பாயி மறுகல்யாணம் செய்துகொள்ளாத கைம்பெண். ஒரே பையன் செல்லமுத்து, ஈரோட்டில் சாயப்பட்டறையில் வேலை. வாரமெல்லாம் பட்டறையிலேயே படுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஊருக்கு வருவான். குப்பாயியின் முகத்தில் அன்றைக்கு வெளிச்சம்.

"என்னக்கா, இன்னிக்கு ஒரே சந்தோஷம்?"

"சாட்டுப் போட்டாச்சல்லங்க ஏட்டய்யா! இனி நோம்பி முடியற வரைக்கும் ஒருத்தனும் வெளியூர்ல ராத் தங்கக் கூடாது. பையன் தெனமும் பொழுதோட ஊடு வந்து சேந்துருவான். பக்கத்துல உக்காத்தி வெச்சு நாஞ் சோறு போடுவேன். இந்த நோம்பில எனக்கு அதுதானுங்க லாபம்."

"சண்டை சச்சரவு?"

"சாட்டுக்குள்ள ஆருங்க சண்டை போடுவா? ஆத்தா கண்ணைப் புடுங்கிருவா! பங்காளிக்கும் பங்காளிக்கும் ஆகாதுன்னாலும் இப்பப் பேச்சே எடுக்க மாட்டாங்க. சாவு உழுந்தாக்கூட வாய்விட்டு அழுவப்படாது, சாமி. சத்தமில்லாம எடுத்துருவாங்க. கோயில் கம்பம் புடுங்கி மஞ்சத்தண்ணி ஊத்தற வரைக்கும் ஊரே அடங்கித்தாங் கெடக்கும்."

யாகப்பன் பாதி இட்லியோடு எழுந்துவிட்டார். அவ்வளவு சந்தோஷம். பதினான்கு வருஷமாக இந்த நோம்பியைப் பார்க்கிறார். குப்பாயி சொன்னது அச்சு மாறாத உண்மை. சாட்டுக் காலத்தில் இந்த ஊரிலிருந்து ஸ்டேஷனுக்கு ஓர் அடிதடி வழக்குகூட வந்ததில்லை. அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எழுதினார். நோம்பி முடியும்வரை ஊர்க் கட்டுப்பாடே போதிய காவல், சண்டைக்குத் தெய்வத் தடை இருக்கிறது, ஆகவே படை தேவையில்லை என்று காரணகாரியத்தோடு எழுதினார். எழுதி முடித்து வாசித்தபோது தன்னுடைய அறிக்கைகளிலேயே நல்லது இதுதான் என்று தோன்றியது. சேலத்துக்குப் போகிற பஸ்ஸில் கொடுத்தனுப்பினார். வியாழக்கிழமை பதில் வந்தது. படை வேறு ஊருக்குப் போயிற்று. லீவுக்குப் பரிந்துரை மேலே போயிருந்தது. மரியபுஷ்பத்துக்குக் கார்டு போட்டார்.

வெள்ளிக்கிழமை ஈரோட்டில் எல்லாம் அடைப்பு. பஸ் ஓடவில்லை. பட்டறை, மில், கடை ஒன்றும் திறக்கவில்லை. வேறு மாதமாக இருந்தால் மேட்டுத்துறையின் வாலிபர்களில் பாதிப் பேர் ஈரோட்டிலும் பள்ளிபாளையத்திலுமே தங்கிக் கிடந்திருப்பார்கள். சாட்டு அத்தனை பேரையும் முந்தின நாள் பொழுது சாயும்போதே ஊருக்குள் கொண்டுவந்து சேர்த்திருந்தது. வேலையில்லாமல், போக வழியில்லாமல், முக்குக்கு முக்கு நின்றார்கள். யாகப்பன் காலையில் தெருவுக்கு வந்து அதைப் பார்த்தார். பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஊரை அடக்கிவைக்கும் என்று எதை எழுதினாரோ, அதுவே ஊரை நிரப்பி வைத்திருந்தது.

கோயில் காரியங்களைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் காளியண்ணனிடம் ஓட்டமாக ஓடினார்.

"ஏனுங்க, சாட்டுப் போட்டிருக்குதுங்களே! சண்டை கூடாதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாக் கேக்க மாட்டாங்களா?"

காளியண்ணன் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கேலி ஒன்றும் இல்லை. விவரம் தெரியாத விருந்தாளிக்குச் சொல்வது போலத்தான் சொன்னார்.

"சண்டை கூடாதுங்கறது நமக்குள்ளீங்க ஏட்டய்யா. பங்காளிக்குள்ள, மாமன் மச்சானுக்குள்ள. போலீசுக்கும் சாட்டுக்கும் என்னங்க சம்பந்தம்?"

யாகப்பன் வேற்றுக் கோயில்காரர். பதினான்கு வருஷம் வெளியே நின்று பார்த்தவர். வெளியே நின்று பார்த்தவனுக்கு வேலி தெரியும், வேலி யாரைச் சுற்றிப் போட்டிருக்கிறது என்பது தெரியாது. ஸ்டேஷனுக்குப் போய்ச் சேலத்துக்குப் போன் போட்டார். லைன் கிடைக்கவில்லை. தந்திக் கம்பத்தை எங்கோ சாய்த்துவிட்டார்கள் என்றார்கள்.

மதியத்துக்கு மேல் கூட்டம் தபாலாபீசுக்கு வந்தது. பெயர்ப் பலகையில் இந்தி எழுத்துக்குத் தார் பூசத்தான் வந்தார்கள். பூசிவிட்டும் போகவில்லை. ஸ்டேஷனில் இருந்தவர்கள் மொத்தமே கொஞ்சம் பேர். கண்ணீர்ப் புகையும் கிடையாது, ரிசர்வ் படையும் கிடையாது. கையில் தடி, தோளில் துப்பாக்கி, அவ்வளவுதான். சப்-இன்ஸ்பெக்டர் சின்ன வயசுப் பிள்ளை. கல் விழுந்தது. ஒரு போலீஸ்காரர் மண்டை உடைந்து உட்கார்ந்தார். தடியோடு இறங்கினார்கள். கூட்டம் பின்வாங்காமல் நெருங்கி வந்தது. பிறகு சுட்டார்கள்.

யாகப்பன் எதிர்ச் சாரியில் மூடிய கடையின் படியில் நின்றிருந்தார். ஓடவில்லை. தெரு காலியானதும் அவர் கண் தன் பழக்கப்படி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டது. கூட்டம் எந்தச் சந்துக்குள் கலைந்தது, எந்தெந்தக் கடை சாத்தியிருந்தது, தபாலாபீஸ் முன்னால் எத்தனை பேர் விழுந்து கிடந்தார்கள், அதில் எத்தனை பேர் அசைந்தார்கள். அசையாமல் கிடந்தவர்களில் ஒருவன் செல்லமுத்து. சாயம் ஊறி நீலம் பாய்ந்த கை விரித்தபடி கிடந்தது. யாகப்பனுக்கு அழுகை வரவில்லை, பயமும் வரவில்லை. ஒன்றுமே வரவில்லை. உடம்பில் எங்கேயோ ஒரு விளக்கு அணைந்துபோயிற்று, அவ்வளவுதான்.

அடுத்த நாள் இன்ஸ்பெக்டர் வந்தார். லாரிகளில் பட்டாளம் வந்து இறங்கியிருந்தது. ஸ்டேஷன் பின்கட்டில் இருவரும் நின்றார்கள். திட்டுவார் என்று யாகப்பன் எதிர்பார்த்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தார். அவர் திட்டவில்லை.

"நீ எழுதினதுக்குக் கீழே நானும் கையெழுத்துப் போட்டிருக்கேன். வெளியூர்க்காரன் பூந்து கெடுத்துட்டான்னு மேலே போயிருக்கு. நீ வாயைத் திறக்காதே" என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "இன்னிக்கு எடுக்கறாங்க. சவ ஊர்வலம் பெரிசாப் போச்சுன்னா மறுபடியும் சுட வேண்டி வரும். கூட்டம் சேருமா, சேராதா? போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லு" என்றார்.

மகனைப் பறிகொடுத்தவள் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போகவில்லை யாகப்பன், நிலவரம் பார்க்கப் போனார். போகிற வழியெல்லாம் அது தெரிந்துதான் நடந்தார்.

வாசலில் பச்சைத் தென்னங்கீற்று இல்லை, பறை இல்லை, சங்கு இல்லை. ஆண்கள் நாலைந்து பேர் சுவரோரமாக நின்றார்கள். உள்ளே பெண்கள் வாயில் சேலைத் தலைப்பைத் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெண்ணுக்கு விம்மல் கிளம்பியது. பக்கத்தில் இருந்த கிழவி சட்டென்று அவள் வாயைப் பொத்தினாள். "சாட்டுக்குள்ள அழுவாத புள்ள" என்றாள். குப்பாயி மகனின் தலைமாட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். கண் வறண்டு கிடந்தது. யாகப்பனைப் பார்த்ததும் எழுந்து வெளியே வந்தாள். கல்லைத் தூக்கித் தலையில் போடுவாள் என்றுதான் அவர் நினைத்தார்.

"பொண்ணு கலியாணம் தள்ளிப் போயிருச்சுங்களா, ஏட்டய்யா?"

"இல்லீங்கக்கா... ஒரு வாரம் இருக்குதுங்க."

"போயிட்டு வாங்க. நல்லபடியா நடத்துங்க." திரும்பி உள்ளே ஒரு முறை பார்த்தாள். "இங்க இனி ஒண்ணும் நடக்காதுங்க. சத்தமில்லாம எடுத்துருவோம். நீங்க பயப்படாதீங்க."

அவள் சொன்னபடியே நடந்தது. பொழுது இறங்குவதற்குள் நாலு பேர் தூக்கிக்கொண்டு காவிரிக் கரைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மற்ற வீடுகளிலும் அப்படியே. கூட்டம் சேராது என்று யாகப்பன் எழுதிக் கொடுத்தார். இந்தத் தடவை ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. பட்டாளத்து அதிகாரி அசந்துபோனார். மாவட்டத்திலேயே இப்போது அடங்கிக் கிடக்கும் ஊர் மேட்டுத்துறைதான் என்று மேலே போயிற்று. லீவு கையெழுத்தாகி வந்தது.

கல்யாணம் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. யாகப்பன் மகளின் கையைப் பிடித்துப் பீடத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். இசபெல்லா நிமிர்ந்து நடந்தாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு முதல் வரிசையைத் தாண்டி நடந்தாள். சாமியார் பூசை வைத்தார், மோதிரம் மாற்றினார்கள், பிரியாணி பரிமாறினார்கள். வருகிறவர்களுக்கெல்லாம் யாகப்பன் கை கூப்பினார், சாப்பிட்டீர்களா என்று கேட்டார். பெண்ணை அனுப்புகிற நேரத்தில் மரியபுஷ்பம் மகளைக் கட்டிக்கொண்டு தெருவே கேட்க அழுதாள். அக்கம்பக்கத்துப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். அழட்டும், சந்தோஷ அழுகைதானே என்று ஆண்கள் சிரித்தார்கள்.

"உங்களுக்கு நெஞ்சு கல்லா? பெத்த பொண்ணு போகுது, ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டா என்ன?" என்றாள் மரியபுஷ்பம்.

"வரலை" என்றார் யாகப்பன். அவள் அதை வீம்பு என்று நினைத்துக்கொண்டாள்.

லீவு முடிந்து மேட்டுத்துறைக்குத் திரும்பிய அன்று காலை தெருவெல்லாம் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கிடந்தது. முந்தின நாள் கம்பம் பிடுங்கி ஆற்றில் விட்டிருந்தார்கள். நோம்பி முடிந்துவிட்டது. முறைப்பெண்கள் மாமன் மகன்களைத் துரத்தித் துரத்தி மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். பட்டாளம் கிளம்பிப் போயிருந்தது. டீக்கடையில் நூல் விலையைப் பற்றிப் பெரிய வாக்குவாதம். ஒருத்தன் பேச்சை ஒருத்தன் கேட்கவில்லை. ஊர் சுகமாக இருக்கிறது என்று யாகப்பன் மனசுக்குள் குறித்துக்கொண்டார். பையை வைத்துவிட்டு நிலவரம் எழுத வேண்டியதுதான் பாக்கி.

அறைக் கதவைத் திறக்கும்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. முதலில் ஆட்டையோ மாட்டையோ அறுக்கிறார்கள் என்று நினைத்தார். பிறகு வார்த்தைகள் தெரிந்தன.

"என்ற ராசா... சோறாக்கி வெச்சிருக்கறேனே, எந்திரிச்சு வாடா சாமி..."

குப்பாயி அழ ஆரம்பித்திருந்தாள். சாட்டு முடிந்துவிட்டதல்லவா, இனி அழலாம். பன்னிரண்டு நாளாக வாயைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தது எல்லாம் மொத்தமாக வந்தது. கொஞ்ச நேரத்தில் அடுத்த தெருவில் இன்னொரு வீட்டில் கிளம்பியது. அதற்கப்புறம் ஆற்றோரத்தில் ஒன்று. மஞ்சள் தண்ணீர் விளையாடிக்கொண்டிருந்த பெண்கள் செம்பைக் கீழே வைத்துவிட்டுத் தலைமுடியை அவிழ்த்துக்கொண்டு அந்தந்த வீடுகளைப் பார்த்து ஓடினார்கள். டீக்கடையில் வாக்குவாதம் நின்றுபோயிற்று.

ஸ்டேஷனிலிருந்து ஒரு போலீஸ்காரர் மூச்சிரைக்க வந்தார்.

"ஏட்டய்யா, என்னங்க இது? ஊரே ஒப்பாரி வெக்குது. எதாச்சும் கலாட்டா ஆயிருமுங்களா? எஸ்.ஐ. ஐயா உங்களைக் கேட்டுட்டு வரச் சொன்னாரு."

யாகப்பன் வாயைத் திறந்தார். ஆகும், ஆகாது என்று இரண்டில் ஒன்றைச் சொன்னால் போதும். பதினான்கு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்ததுதான். திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்தார்.

"எனக்குத் தெரியாது" என்றார். "அந்தப் பையன் ஈரோட்டுலயே இருந்திருப்பான்."

போலீஸ்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. எந்தப் பையன் என்று கேட்டார். யாகப்பன் துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.